ரப்பரின் மோனோமர் எது? கட்டமைப்பிலிருந்து பின்னோக்கிப் போன ஒரு தேடல்

பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகள் கோத்து உருவான நீண்ட சங்கிலி; அந்தச் சிறு மூலக்கூறுதான் மோனோமர். பாலிமர் ஒன்றின் கட்டமைப்பை வரைந்து காட்டி, "இதன் மோனோமரை எழுதுக" என்று கேட்பது மேல்நிலை வகுப்பு வேதியியலில் வழக்கமான கேள்வி. பழகிய மாணவர் அரை நிமிடத்தில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அந்த ஒரு வரிக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன என்பதை யாராவது அவருக்குச் சொல்லியிருந்தால் நல்லது. சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் துண்டு எது என்பது முதல் கேள்வி. அந்தத் துண்டு சங்கிலிக்குள் வருவதற்கு முன் எந்த மூலக்கூறாக இருந்தது என்பது இரண்டாவது கேள்வி. முதலாவதற்குக் கட்டமைப்பே விடை தந்துவிடும். இரண்டாவதற்கு, அந்தச் சங்கிலி எப்படிக் கட்டப்பட்டது என்பதும் தெரிந்தாக வேண்டும்.

இவ்விரண்டும் தனித்தனிக் கேள்விகள் என்பதை இயற்கை ரப்பரைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் எனக்குத் தெரிந்து இல்லை. பாடநூல் ஒரே சொல்லில் "ஐசோபிரீன்" என்று சொல்லி முடிக்கும் விடைக்குப் பின்னால், 1826-இல் தொடங்கி நூற்றாண்டுக்கும் மேலாக நீண்ட விசாரணை இருக்கிறது. அதில் திறமையான வேதியியலாளர்கள் சரியான சான்றைக் கையில் வைத்துக்கொண்டு தவறான முடிவுக்குப் போனதும் உண்டு. அந்த இடங்கள்தான் மாணவருக்கு அதிகம் கற்றுத்தரும் என்பதால் அங்கே கொஞ்சம் நின்று பார்க்கப் போகிறேன்.

படம் இல்லாமல் பேசுவதற்கு எளிய குறியீடு ஒன்றை வைத்துக்கொள்வோம். ரப்பர் சங்கிலியின் முதுகெலும்பில் உள்ள கார்பன்களுக்கு 1, 2, 3, 4 என்று எண் கொடுப்போம். 2 என்ற கார்பனில் எப்போதும் ஒரு மெத்தில் தொகுதி (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) தொங்குகிறது. கோடு ஒற்றைப் பிணைப்பு, இரட்டைக்கோடு இரட்டைப் பிணைப்பு. அப்படியென்றால் ரப்பர் இதுதான்:

...–1–2=3–4–1–2=3–4–1–2=3–4–...

ஐசோபிரீன் இது:

1=2–3=4

முதலில் தேர்வுத்தாள் முறை. ஒரு 4-க்கும் அடுத்த 1-க்கும் இடையிலான பிணைப்பை வெட்டுங்கள். –1–2=3–4– என்ற அலகு தனியாக வரும்; இரு முனைகளிலும் இணையில்லாத ஓர் எலக்ட்ரான் மிஞ்சும். முனையில் உள்ள 1, பக்கத்து 2-உடன் இரட்டைப் பிணைப்பு அமைக்கப் பார்க்கிறது. 4-உம் 3-உடன் அதையே செய்யப் பார்க்கிறது. இரண்டுக்கும் தேவையான எலக்ட்ரான்கள் நடுவிலுள்ள இரட்டைப் பிணைப்பிலிருந்து வருகின்றன. நடுவில் ஒற்றைப் பிணைப்பு மட்டும் எஞ்சி, 1=2–3=4 கிடைக்கிறது. பாலித்தீன், பிவிசி போன்றவற்றைப் போட்டுப் பழகியவர்கள் இங்கேயும் இரண்டிரண்டு கார்பனாக வெட்டிவிடுவார்கள். அப்போது கத்தி நேராக 2=3 மீது விழும்; விடையும் குலைந்துவிடும். முதுகெலும்பிலேயே இரட்டைப் பிணைப்பைக் கண்டால் அதை நடுவில் வைத்து நான்கு கார்பன்களாகப் பிரிக்க வேண்டும். அது டையீனிலிருந்து, அதாவது இரண்டு இரட்டைப் பிணைப்புகள் கொண்ட மூலக்கூறிலிருந்து, வந்த துண்டு. நியோபிரீன் என்ற செயற்கை ரப்பரில் மெத்தில் இருக்கும் இடத்தில் குளோரின் இருக்கிறது, முறை மாறுவதில்லை. பியூனா-எஸ் ரப்பரில் நான்கு கார்பன் துண்டு பியூட்டாடையீனிலிருந்தும், பென்சீன் வளையம் தொங்கும் இரண்டு கார்பன் துண்டு ஸ்டைரீனிலிருந்தும் வந்தவை.

இதெல்லாம் வரைபடம் கையில் இருந்தால் நடக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வரைபடம் யாரிடமும் இல்லை.

1826-இல் மைக்கேல் ஃபாரடே ரப்பரைப் பகுத்தாய்ந்து, அதில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே இருப்பதைக் காட்டினார். அவருடைய அளவீடுகள் ஐந்து கார்பனுக்கு எட்டு ஹைட்ரஜன் என்ற விகிதத்துக்கு நெருங்கி வந்தன. விகிதம் பெரிய துப்புதான். ஆனாலும் ஐந்துக்கு எட்டு என்பதும், பத்துக்குப் பதினாறு என்பதும், ஐம்பதாயிரத்துக்கு எண்பதாயிரம் என்பதும் ஒரே விகிதம். மூலக்கூறின் அளவைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

அடுத்த துப்பு வெப்பத்திலிருந்து கிடைத்தது. 1860-இல் இங்கிலாந்தின் சார்ல்ஸ் கிரெவில் வில்லியம்ஸ் ரப்பரைச் சிதைத்து வடித்தார். வெளிவந்த எண்ணெய்க் கலவையிலிருந்து, உள்ளங்கைச் சூட்டிலேயே ஆவியாகக்கூடிய திரவம் ஒன்றைப் பிரித்தார். ஐந்து கார்பன், எட்டு ஹைட்ரஜன். ஐசோபிரீன் என்று பெயரிட்டார். இன்றைய அளவீட்டில் அதன் கொதிநிலை சுமார் 34 டிகிரி செல்சியஸ்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதே வடிப்பில் பத்து கார்பனும் பதினாறு ஹைட்ரஜனும் கொண்ட டைபென்டீன் என்ற திரவமும் வருகிறது. அதுவும் ஐசோபிரீனைவிடக் கூடுதலாக. விகிதத்தை மட்டும் பார்த்தால் ரப்பரின் அடிப்படைத் துண்டு என்று உரிமை கோர இரண்டுக்கும் சமமான தகுதி உண்டு. வெப்பம் பிணைப்புகளை அறுக்கிறது. அறுந்தவை அந்தச் சூட்டிலேயே வேறு விதமாக ஒட்டிக்கொள்கின்றன. இரண்டு ஐசோபிரீன்கள் கூடினால் வளையமான டைபென்டீன் உருவாகிவிடும். ஆகவே சிதைத்து வடித்ததில் வந்த பொருளை அப்படியே மோனோமர் என்று சொல்லிவிட முடியாது. வெளியே வந்ததைக் கொண்டு மறுபடி கட்டிப் பார்த்தால்தான் அந்தச் சாட்சியம் வலுப்பெறும்.

அப்படிக் கட்டிப் பார்த்தவர் பிரான்சின் குஸ்தாவ் பூஷார்தா. 1879-இல் ஐசோபிரீனை ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் சேர்த்து வைத்து, ரப்பரைப் போல மீளும் தன்மையுள்ள பொருளைப் பெற்றார். 1882-இல் வில்லியம் டில்டன் ஐசோபிரீனுக்கு நாம் இன்று எழுதும் கட்டமைப்பையே முன்வைத்தார். ரப்பரையே தொடாமல் டர்பென்டைன் எண்ணெயிலிருந்தும் ஐசோபிரீனைச் செய்தார். சில ஆண்டுகளுக்குப் பின், குப்பியில் இருந்த ஐசோபிரீன் தானாகவே கெட்டிப்பட்டு ரப்பர் கட்டிகளாக மாறியிருந்ததை 1892-இல் அறிவித்தார். முன்னோக்கியும் பின்னோக்கியும் வழி திறந்துவிட்டது. ஐசோபிரீனிலிருந்து ரப்பர் போன்ற ஒன்று வரும், ரப்பரிலிருந்து ஐசோபிரீன் வரும். ஆனால் ரப்பருக்குள் அந்த அலகுகள் எப்படி நிற்கின்றன என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

இந்த விசாரணையில் நான் மிக அழகானது என்று கருதும் சோதனை இதற்குப் பிறகு வருகிறது. ஜெர்மனியின் கார்ல் ஹாரீஸ் வெப்பத்தைக் கைவிட்டு ஓசோனை எடுத்தார். வெப்பம் எங்கே வெட்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஓசோன் அப்படியல்ல, கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் வெட்டும். வெட்டுப்பட்ட ஒவ்வொரு முனையிலும் ஆக்சிஜனை ஒட்டி, ஆல்டிஹைடாகவோ (முனைக் கார்பனில் ஹைட்ரஜன் இருந்தால்) கீட்டோனாகவோ (இல்லாவிட்டால்) அடையாளம் வைத்துவிட்டுப் போகும். ஆகவே கிடைக்கும் துண்டின் முனைகளைப் படித்தால், பழைய சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இருந்த இடங்கள் தெரியும்.

1904, 1905 ஆண்டுகளில் ஹாரீஸ் ரப்பரை ஓசோனால் தாக்கி, பிறகு நீரால் சிதைத்தபோது முதன்மையாக வந்தவை லெவுலினால்டிஹைடும் அதன் அமிலமும். லெவுலினால்டிஹைடில் ஐந்து கார்பன்கள். ஒரு முனை ஆல்டிஹைடு, மறுமுனையில் மெத்தில் தாங்கிய கீட்டோன், நடுவில் இரண்டு வெறும் கார்பன்கள். இதை நம் குறியீட்டில் வைத்துப் பாருங்கள். எல்லா 2=3 பிணைப்புகளும் வெட்டுப்பட்டால் மிஞ்சும் துண்டு 3–4–1–2. அதில் 3 ஆல்டிஹைடாகிறது, மெத்தில் தாங்கிய 2 கீட்டோனாகிறது. அப்படியே பொருந்துகிறது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தத் துண்டிலும் கார்பன் ஐந்துதான், ஐசோபிரீனிலும் கார்பன் ஐந்துதான். ஆனால் அவை ஒரே ஐந்து அல்ல. 3–4 ஓர் அலகுக்குச் சொந்தம், 1–2 (மெத்திலோடு) அடுத்த அலகுக்குச் சொந்தம். ரயில் பெட்டிகளை இணைப்பில் கழற்றாமல் ஒவ்வொரு பெட்டியையும் நடுவில் அறுத்தால், கையில் வருவது ஒன்றின் பின்பாதியும் அடுத்ததன் முன்பாதியும்தானே. சிதைத்துக் கிடைத்த துண்டைக் கண்டதும் அதையே மோனோமர் என்று எழுதிவிடும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். வெட்டியது எந்தக் கத்தி, அது எந்தப் பிணைப்பில் விழும் என்று கேட்காமல் துண்டைப் படிக்கக் கூடாது.

ஆனால் இரண்டு அலகுகளைத் தொட்டு நிற்பதால்தான் இந்தத் துண்டு வேறொரு செய்தியையும் தருகிறது. ஐசோபிரீன் அலகுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு, அவை ஒன்றுபோல இல்லை. மெத்தில் 1-க்கு அருகில் இருக்கிறது, 4-க்கு அருகில் இல்லை. அலகுகள் ஒழுங்கில்லாமல் திரும்பித் திரும்பிச் சேர்ந்திருந்தால் சில இடங்களில் 4-உம் 4-உம் கைகோத்திருக்கும். அங்கே ஓசோன் 3–4–4–3 என்ற துண்டைத் தரும். அதாவது இருமுனையும் ஆல்டிஹைடான சக்சினால்டிஹைடு. வேறு சில இடங்களில் 1-உம் 1-உம் சேர்ந்து 2–1–1–2 வரும். அது இருமுனையும் கீட்டோனான ஹெக்ஸேன்டையோன். ரப்பரின் சிதைவில் பெரும்பங்கு லெவுலினால்டிஹைடு வகையாகவே இருந்தது. எனவே அலகுகள் எல்லாம் ஒரே திசை பார்த்து, ஒன்றின் 4 அடுத்ததன் 1-ஐப் பற்றியபடி நிற்கின்றன. ஒரு பொருளின் இருப்பைவிட இன்னும் இரண்டு பொருள்கள் இல்லாமல்போனதுதான் இங்கே பெரிய சான்று. இதை நான் ஒவ்வொரு முறை எழுதிக் காட்டும்போதும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

இவ்வளவு நுட்பமான சான்றை வைத்துக்கொண்டு ஹாரீஸ் எடுத்த முடிவு தவறானது. ரப்பரின் அடிப்படை மூலக்கூறு, இரண்டு ஐசோபிரீன்கள் சேர்ந்த எட்டு கார்பன் வளையம் என்று அவர் முன்மொழிந்தார். 1–2=3–4–1–2=3–4 என்று எழுதி, கடைசி 4-ஐ முதல் 1-உடன் கட்டிவிட்டால் அந்த வளையம் வந்துவிடும். அதை ஓசோனால் வெட்டினால் இரண்டு 3–4–1–2 துண்டுகள் கிடைக்கும், வேறெதுவும் கிடைக்காது. விகிதமும் பத்துக்குப் பதினாறு. இந்தச் சான்றுக்கு வளையம், முடிவில்லாத சங்கிலி இரண்டும் ஒரே அளவு பொருந்தும்.

அவர் வளையத்தைத் தேர்ந்ததற்கு நியாயமும் இருந்தது. சங்கிலி என்றால் முனைகள் இருக்க வேண்டும். முனையிலிருந்து வரும் வேறு வகைத் துண்டு எதுவும் கண்ணில் படவில்லை. இன்று நமக்குக் காரணம் தெரியும். பத்து லட்சம் மூலக்கூறு எடையுள்ள சங்கிலியில் ஏறக்குறைய 15,000 அலகுகள் இருக்கும். அதன் இரு முனைகளை அன்றைய குடுவையில் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம். அத்துடன், கூழ்மம் போலக் கரையும் பொருள்கள் எல்லாம் சிறு மூலக்கூறுகள் பலவீனமான விசையால் திரண்டவை என்பதே அக்காலத்தின் பொதுக் கருத்து. இரட்டைப் பிணைப்புகளில் மிஞ்சியிருக்கும் பகுதி இணைதிறன், அதாவது முழுதாகச் செலவாகாத பிணைப்பு விசை, அந்த வளையங்களை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கிறது என்று விளக்கினார்கள்.

1910-இல் இங்கிலாந்தின் சாமுவேல் பிக்கிள்ஸ் இதை நேராக மறுத்தார். வளையங்களை இழுத்துப் பிடிப்பது இரட்டைப் பிணைப்புதான் என்றால், புரோமினைச் சேர்த்து அந்தப் பிணைப்புகளை நிறைவாக்கியதும் திரள் கலைந்து சிறு மூலக்கூறுகள் வர வேண்டும். வரவில்லை. ஆகவே ரப்பர் என்பது ஐசோபிரீன் அலகுகள் வழக்கமான வேதிப் பிணைப்புகளால் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி என்றார். அவர்கூட முனைகளுக்குப் பயந்து சங்கிலியின் இரு நுனிகளையும் பெரிய வளையமாகச் சேர்த்துவிட்டார். அவருடைய வாதத்துக்கு அன்று கிடைத்த கவனம் குறைவு. அது எனக்கு வருத்தமே, ஏனென்றால் அடிப்படைத் தர்க்கம் முழுவதும் அதில் இருக்கிறது.

அதே தர்க்கத்தை மறுக்க முடியாதபடி நிறுவியவர் ஹெர்மன் ஷ்டாடிங்கர். 1920-இல் பாலிமராதல் பற்றிய கட்டுரையில் நீண்ட சங்கிலிக் கருத்தை முன்வைத்தார். 1922-இல் சூரிச்சில் யாக்கோப் ஃப்ரிட்ஷியுடன் சேர்ந்து ரப்பரை முழுமையாக ஹைட்ரஜனேற்றம் செய்தார், அதாவது இரட்டைப் பிணைப்புகள் எல்லாவற்றிலும் ஹைட்ரஜனைச் சேர்த்தார். இரட்டைப் பிணைப்பு எதுவும் மிஞ்சாதபோது பகுதி இணைதிறனும் மிஞ்சாது. ஹாரீஸ் சொன்னது சரியென்றால், எளிதில் வடிக்கக்கூடிய டைமெத்தில் சைக்ளோஆக்டேன் குடுவையில் இருக்க வேண்டும். கிடைத்த பொருளோ ஆவியாக மறுத்தது. முன்போலவே கூழ்மமாகக் கரைந்தது. மேக்ரோமாலிக்யூல், அதாவது பெருமூலக்கூறு, என்ற சொல் அந்த ஆய்வோடுதான் வேதியியலுக்குள் நுழைந்தது. 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ஹைட்ரஜனேற்றிய ரப்பரைத் தேர்வுத்தாளில் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதன் கட்டமைப்பு –1–2–3–4–1–2–3–4–, ஒவ்வொரு 2-இலும் மெத்தில். முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பு இல்லை. நன்றாகப் படித்த மாணவர் இரண்டிரண்டாக வெட்டுவார். மெத்தில் தாங்கிய 1–2 புரோப்பிலீனாகும், 3–4 எத்திலீனாகும். "எத்திலீனும் புரோப்பிலீனும் மாறிமாறிச் சேர்ந்த இணைபாலிமர்" என்று எழுதுவார். கட்டமைப்பின்படி அது முற்றிலும் சரியான விடை. ஹைட்ரஜனேற்றிய ரப்பரும் அப்படி மாறிமாறி அமைந்த இணைபாலிமரும் சங்கிலி அளவில் ஒன்றேதான். ஆனால் ஷ்டாடிங்கரின் குடுவையில் எத்திலீனும் இல்லை, புரோப்பிலீனும் இல்லை.

இது அபூர்வமான விதிவிலக்கு அல்ல. பாலிவினைல் ஆல்கஹாலின் கட்டமைப்பைப் பின்னோக்கி வெட்டினால் வினைல் ஆல்கஹால் வரும். அதைக் குப்பியில் சேர்த்து வைத்துப் பாலிமராக்க முடியாது; உடனே அசெட்டால்டிஹைடாக மாறிவிடும். உண்மையில் வினைல் அசெட்டேட்டைப் பாலிமராக்கி, பிறகு அசெட்டேட் தொகுதிகளை நீக்கித்தான் அதைச் செய்கிறார்கள். நைலான்-6 சங்கிலியை நீரைச் சேர்த்து வெட்டினால் அமினோஹெக்சனாயிக் அமிலம் கிடைக்கும்; ஆலையில் ஊற்றுவது காப்ரோலாக்டம்.

ரப்பருக்குத் திரும்பினால், ஓசோனால் சொல்ல முடியாத ஒன்று பாக்கி இருந்தது. மலாய் நாட்டு மரங்களிலிருந்து எடுக்கப்படும் கட்டா-பெர்ச்சா, அறை வெப்பத்தில் தோல் போலக் கடினமாக இருக்கும், வெந்நீரில் இளகும். 1851-இல் ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் போடப்பட்ட தந்திக் கம்பிக்கு உறையாக இருந்தது அதுதான். அதையும் ஓசோனால் வெட்டினால் அதே லெவுலினால்டிஹைடு. திரும்ப வரும் அலகு அதே –1–2=3–4–. இரட்டைப் பிணைப்பின் இருபுறமும் சங்கிலி எப்படித் திரும்புகிறது என்பதில் மட்டுமே வேறுபாடு: ரப்பரில் சிஸ் (சங்கிலியின் இரு பகுதிகளும் ஒரே பக்கம்), கட்டா-பெர்ச்சாவில் டிரான்ஸ் (எதிரெதிர்ப் பக்கம்). இரட்டைப் பிணைப்பையே உடைக்கும் கத்தி அந்தத் தகவலையும் சேர்த்து அழித்துவிடுகிறது. 1920-களில் எக்ஸ்-கதிர்கள்தான் அதைத் தீர்த்தன. இழுத்துப் பிடித்த ரப்பரில் சுமார் 8 ஆங்ஸ்ட்ராமுக்கு (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) ஒருமுறை அமைப்பு திரும்ப வருகிறது. அந்த நீளத்தில் இரண்டு அலகுகள் அடங்குகின்றன. கட்டா-பெர்ச்சாவில் ஒரே அலகு, 5 ஆங்ஸ்ட்ராமுக்குச் சற்றுக் குறைவு.

இனி இரண்டாவது கேள்வி. கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் விடியும் முன்பே பால் வெட்டப்படும் ரப்பர் மரம், ஐசோபிரீனை வைத்தா அந்தச் சங்கிலியைக் கட்டுகிறது?

இல்லை. 1950-களின் இறுதியில் ஃபெடோர் லினன், கொன்ராட் பிளாக் ஆகியோரின் ஆய்வுக்குழுக்கள் உயிர்கள் பயன்படுத்தும் ஐந்து கார்பன் அலகை அடையாளம் கண்டன. அது ஐசோபென்டினைல் பைரோபாஸ்பேட். நம் குறியீட்டில் 1=2–3–4–பைரோபாஸ்பேட். ஐசோபிரீனின் இரண்டு இரட்டைப் பிணைப்புகளில் ஒன்றுதான் இதில் இருக்கிறது. வளரும் சங்கிலியின் நுனியில் உள்ள 4 ஒரு பைரோபாஸ்பேட்டைச் சுமந்தபடி நிற்கும். புதிய அலகின் 1 வந்து அந்த 4-உடன் பிணையும்போது பழைய பைரோபாஸ்பேட் விலகுகிறது. புதிய அலகின் 3-இலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனி நீங்க, 2-க்கும் 3-க்கும் இடையே இரட்டைப் பிணைப்பு உருவாகிறது. நுனியில் மறுபடியும் பைரோபாஸ்பேட் தாங்கிய ஒரு 4. இப்படி ஆயிரக்கணக்கான முறை.

விளைவு: சங்கிலியில் ஐசோபிரீன் அலகு இருக்கிறது, ஆனால் ஐசோபிரீன் அங்கே ஒருபோதும் கோக்கப்படவில்லை. பாடநூல் இயற்கை ரப்பரைச் சேர்ப்புப் பாலிமர் (எதுவும் வெளியேறாமல் மோனோமர்கள் அப்படியே சேர்ந்து உருவாவது) பட்டியலில் வைக்கிறது. மரத்திலோ ஒவ்வொரு இணைப்பின்போதும் ஒரு சிறு மூலக்கூறு வெளியேறுகிறது. வில்லியம்ஸ் 1860-இல் வடித்தெடுத்த ஐசோபிரீன், சூடு உருவாக்கிய துண்டு. அதன் எலும்புக்கூடு சரி. மரத்தின் மோனோமர் அதுவல்ல.

அப்படியானால் "ஐசோபிரீன்" என்ற விடையை அடித்துவிட வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. 1950-களின் நடுவில் அமெரிக்காவில் குட்ரிச், ஃபயர்ஸ்டோன் நிறுவனங்களின் வேதியியலாளர்கள் புதிய வினையூக்கிகளைக் கொண்டு ஐசோபிரீனிலிருந்தே, பெரும்பாலும் சிஸ் அமைப்பு கொண்ட ரப்பரைச் செய்துவிட்டார்கள். அந்தப் பாலிமருக்கு ஐசோபிரீன் எழுத்துக்கு எழுத்து உண்மையான மோனோமர். கேள்வி "இயற்கை ரப்பரில் திரும்ப வரும் அலகு எந்த டையீனுக்கு உரியது" என்று கேட்டால் ஐசோபிரீன் என்பது பிழையில்லாத விடை. "எதிலிருந்து உருவாகிறது" என்று கேட்டால் பிழை. கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் இந்த ஒரு சொல்லைக் கவனித்து எழுத வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

மரத்தின் ரப்பருக்கும் ஆலையின் ரப்பருக்கும் உள்ள இந்த வேறுபாடு கட்டமைப்பில் தடமே விடாமல் போகவும் இல்லை. அடைப்புக்குறி போட்டு எண்ணிக்கையை எழுதும்போது நாம் விட்டுவிடும் பகுதியில், அதாவது ஹாரீஸ் தேடியும் காணாத சங்கிலி முனையில், அது இருக்கிறது. மரத்தில் சங்கிலி வெறுமையிலிருந்து தொடங்குவதில்லை. டிரான்ஸ் அமைப்பு கொண்ட ஃபார்னெசைல் பைரோபாஸ்பேட் போன்ற சிறு மூலக்கூறு தொடக்கியாக நிற்க, அதன்மேல்தான் சிஸ் அலகுகள் ஏறுகின்றன. ஜப்பானிய வேதியியலாளர் யசுயுகி தனாகா அணுக்கரு காந்த ஒத்ததிர்வு மூலம் இயற்கை ரப்பரை ஆராய்ந்தபோது, ஆயிரக்கணக்கான சிஸ் அலகுகள் கொண்ட சங்கிலியின் ஒரு முனையில் இரண்டு டிரான்ஸ் அலகுகள் இருப்பதைக் கண்டார்.